11 ஏக்கர் தென்னந்தோப்புக்கு 3 டன் மினி ஹிட்டாச்சி சொந்தமா வாங்கலாமா? அட்டாச்மென்ட் எதெல்லாம் அவசியம்?

ஓடக்காட்டான் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கமுங்க. உடுமலை பக்கம் 11 ஏக்கர் தென்னந்தோப்பு, பாதி மரம் அப்பா காலத்துல வெச்சது. கேரள வாடல் நோய் வந்து இதுவரைக்கும் 180 மரம் வெட்டியாச்சு, இன்னும் போகும்போல இருக்கு. வெட்டின மரத்தோட அடிக்கட்டை எல்லாம் அப்படியே நிக்குது, அது மக்கி காண்டாமிருக வண்டு வந்து முட்டை வெக்குது, அதை எடுக்கலைன்னா புதுக்கன்னு வெச்சு பிரயோஜனம் இல்லைன்னு வேளாண்மை ஆபீஸ்ல சொல்றாங்க.

இப்ப எனக்கு இருக்கற வேலை இதுதான். கட்டை 180 எடுக்கணும், 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி குழி ஒரு 300 போடணும், பைப்லைன் ரெண்டரை அடி ஆழத்துல 600 மீட்டர் இருக்கும், ஓடைக்கரை ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு அதைக் கட்டணும், வேலிக்கு கல்லுக்கால் நடணும், அப்புறம் பண்ணைக்குட்டை ஒண்ணு 30 மீட்டருக்கு 30 மீட்டர். வடக்கால மூலைல ரெண்டடிக்குக் கீழ சுக்கான் பாறை, கடப்பாரை போட்டா கிண்ணுனு சத்தம் வருது.

ஜேசிபி கூப்பிட்டா அவருக்கு தோதான அன்னிக்குத்தான் வர்றாரு, மணிக்கு 1,200, வந்தா மூணு மணி நேரமாவது ஓட்டணும். 25 அடி இடைவெளில நிக்கற மரத்துக்கு நடுவுல அந்த வண்டி திரும்பறதுக்குள்ள ரெண்டு சொட்டுநீர் பைப்பு போயிருது, ஜாக்கி ஊனற எடத்துல எல்லாம் பாத்தி உடையுது, ஒவ்வொரு தடவையும் பைப்பு ஒட்டறதே எனக்கு தனி வேலை.

அதனால சொந்தமா ஒரு 3 டன் மினி ஹிட்டாச்சி வாங்கிரலாம்னு யோசனை. ரெண்டு பக்கெட்டோட வரி எல்லாம் சேத்து 26 லட்சம் சொல்றாங்க, பாறை உடைக்கற பிரேக்கரும் மண்ணுல துளை போடற ஆகரும் தனி. ஓட்டறதை நானே கத்துக்குவேன், 50 எச்பி டிராக்டர் இருக்கு அதை நாந்தான் ஓட்டறேன். புதுசா பழசா, சக்கரத்துக்குப் பதிலா இருக்கறது ரப்பர் டிராக்கா இரும்பு செயினா, எந்த அட்டாச்மென்ட் மொதல்ல வாங்கணும், ஆர்டிஓ வேலை ஏதும் இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. வாங்காதீங்கன்னு சொன்னாலும் காரணத்தோட சொல்லுங்க.


கணக்குப்புள்ள:

காரணத்தோடயே சொல்றேங்க. நீங்க எழுதுன வேலைய மணிக்கணக்கா மாத்திப் பாருங்க. கட்டை ஒண்ணுக்கு அரை மணி வெச்சா 90 மணி. குழி மணிக்கு எட்டு ஒம்பது விழும், 300 குழிக்கு 35 மணி. பைப்லைன் மணிக்கு 25 மீட்டர்னு வெச்சா 24 மணி. ஓடைக்கரை, வேலி எல்லாம் சேத்து இன்னொரு 30. குட்டைய விட்டுட்டா 180 மணி நேரத்துக்குள்ள மொத்த வேலையும் முடிஞ்சிருது. மினி வண்டி வாடகையும் இப்ப ஜேசிபி வாடகைய ஒட்டித்தான் இருக்கு, 1,200 ரூவான்னே வெச்சாலும் 2 லட்சத்து 16 ஆயிரம். இதுக்கு 26 லட்சமா?

அடுத்த வருசம் என்ன வேலை இருக்கும்? செத்த மரம் பத்து இருவது, வாய்க்கா சுத்தம் பண்றது, எருக்குழி, எப்படிப் பாத்தாலும் வருசத்துக்கு 80 மணியைத் தாண்டாது.

இப்ப சொந்த வண்டியோட கணக்கு. 26 லட்ச வண்டி அஞ்சு வருசத்துல பாதி விலைக்குப் போகும்னு தாராளமாவே வெப்போம், அப்படின்னா வருசத்துக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் தேய்மானம். லோன் போட்டா வட்டி, சொந்தக் காசா இருந்தாலும் அது பேங்க்ல கெடந்தா வர்ற வட்டி, அதுல ஒரு ஒண்ணே முக்கா லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ் அது இதுன்னு அரை லட்சம். ஆக வண்டி ஷெட்டுல சும்மா நின்னாலே வருசத்துக்கு 5 லட்சத்தை ஒட்டிப் போயிரும். நீங்களே ஓட்டினா டீசல் மணிக்கு 3 லிட்டர், கிரீஸ், டிராக் தேய்மானம் எல்லாம் சேத்து 400 ரூவா. அப்ப மணிக்கு 800 ரூவாதான் மிச்சம் பிடிக்கறீங்க. 5 லட்சத்தை 800ல வகுத்துப் பாருங்க, வருசத்துக்கு 600 மணி நேரத்துக்கு மேல ஓடினாத்தான் கட்டுபடியாகும். உங்க வேலை 80 மணி.

இன்னொண்ணு, 26 லட்சத்துல 18 சதம் ஜிஎஸ்டி உள்ள இருக்கு, கிட்டத்தட்ட 4 லட்சம். கான்ட்ராக்ட் தொழில் பண்றவங்க அதை அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்குவாங்க, விவசாயம் மட்டும் பண்ற நமக்கு அது திரும்ப வராது. அதனால புது வண்டி நமக்கு மட்டும் தனி விலை மாதிரி.

குட்டைய ஏன் விட்டேன்னா அது மினி வண்டி வேலையே இல்லைங்க. 30க்கு 30, ஒன்றரை மீட்டர் ஆழம், சரிவு விட்டு வெட்டினா 1,200 கனமீட்டர், நம்ம ஊர் கணக்குல (100 கன அடி ஒரு யூனிட்) 420 யூனிட்டுக்கு மேல. 3 டன் வண்டி பக்கெட்டுல பத்துல ஒரு பங்கு கனமீட்டர்கூட நிக்காது, 80 மணி நேரம் உக்காந்து நோண்டணும். பெரிய 20 டன் ஹிட்டாச்சி ரெண்டு நாள்ல முடிச்சிட்டுப் போயிரும். உழவன் ஆப்ல இ-வாடகைன்னு இருக்கு, வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிய அதுல புக் பண்ணலாம், வெளி வாடகையை விட கம்மி, ஆனா வரிசைல நிக்கணும், சித்திரை வைகாசில கேட்டா கெடைக்காது.


டீசல் மண்டை:

கணக்குப்புள்ள அண்ணா சொல்றது பேப்பர்ல சரி. ஆனா வாடகை வண்டி நமக்கு வேணும்கற அன்னிக்கு வராது பாருங்க, அதுக்கு ஒரு விலை இருக்கு. மழை பேஞ்சு மண்ணு பதமா இருக்கற பத்து நாள்ல குழி போடணும், அந்தப் பத்து நாளும் ஊருல எல்லாருக்கும் அதே வேலைதான். அதனால வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், புதுசு வாங்காதீங்கன்னு சொல்லுவேன். பழசு 12 லட்சத்துக்கு வாங்கி மூணு வருசம் ஓட்டி 9க்கு வித்தா தேய்மானம் வருசத்துக்கு ஒரு லட்சம், கணக்கே மாறிப்போயிரும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேர் கூட்டு சேந்தா இன்னும் சுலபம். ஆனா யாரு ஓட்டறது, ரிப்பேர் வந்தா யாரு குடுக்கறதுன்னு மொதல்லயே எழுதி வெச்சுக்கோங்க. பங்காளிங்களோட கூட்டு வேண்டவே வேண்டாம் 😀


கீரனூர் டிராக்டர்:

50 எச்பி டிராக்டர் இருக்குன்னு சொல்றீங்க, அதுக்குப் பின்னால மாட்டற பேக்ஹோ, அதாவது தோண்டற கை, பாத்தீங்களா? நாலஞ்சு லட்சத்துல வருது, எட்டு அடி வரைக்கும் தோண்டும், பைப்லைனுக்கும் குழிக்கும் போதும். ஒண்ணே ஒண்ணு, வெறும் த்ரீ பாயின்ட் லிங்க்ல மாட்டற மாடல் வாங்கிராதீங்க, பாறைல ஒரு இழு இழுத்தா டிராக்டர் பின்பக்க ஹவுசிங் விரிசல் விட்டுரும். முன் ஆக்சில்ல இருந்து பின்ஆக்சில் வரைக்கும் சேசிஸ் பிரேம் போட்டு மாட்டற மாடல்தான் வேணும். கட்டை எடுக்க சுமார்தான், ஏன்னா அது முழு வட்டம் சுத்தாது, பின்னாடி அரை வட்டம் மட்டும்தான், ஒவ்வொரு கட்டைக்கும் டிராக்டர நவுத்தி நவுத்தி வெக்கணும். பிரேக்கர் எல்லாம் இதுல நெனைக்கவே வேண்டாம்.


ஹைட்ராலிக் பட்டறை:

கோயமுத்தூர்ல இந்த வண்டிங்க ரிப்பேர் பாக்கறதுதான் என் தொழில், அதனால வாங்கறதா வேண்டாமாங்கறதுக்குள்ள நான் வரலை, வாங்கினா எதைப் பாத்து வாங்கணும்னு சொல்றேன்.

மொதல்ல பாக்க வேண்டியது பிராண்டு இல்லை, பைப்பிங். பூம் (வண்டில இருந்து வர்ற பெரிய கை) மேல, ஸ்டிக் (பக்கெட் மாட்டற முன்கை) முனை வரைக்கும் எக்ஸ்ட்ரா ஹைட்ராலிக் லைன் கம்பெனிலயே போட்டு வருதான்னு பாருங்க. பிரேக்கருக்கு ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் போனா போதும், திரும்பி வர்ற எண்ணெய் எந்தத் தடையும் இல்லாம நேரா டேங்குக்குப் போகணும். ஆகர், கட்டையக் கவ்வித் தூக்கற கிராப் மாதிரி ரெண்டு பக்கமும் வேலை செய்யற அயிட்டத்துக்கு டபுள் லைன் வேணும். டபுள் லைன் இருக்கற வண்டில ஒரு வால்வத் திருப்பினா பிரேக்கருக்கு மாத்திக்கலாம், அந்த வசதியோட வர்றதை வாங்குங்க. பின்னால வெளில போட்டுக்கலாம்னு டீலர் சொல்லுவாரு, போடலாம்தான், ஆனா அதுல பாதி வண்டிங்களுக்கு ஓஸ் சைஸ் தப்பா போட்டு எண்ணெய் சூடேறித்தான் என் பட்டறைக்கு வருது.

ரெண்டாவது பூம் ஸ்விங். பூமை மட்டும் இடது வலதா மடக்கற வசதி. இது இருந்தா சுவர் ஓரம், வேலி ஓரம் வண்டிய நேரா நிறுத்திட்டே ஓரமா வாய்க்கா எடுக்கலாம். அதோட ஜீரோ டெயில், அதாவது வண்டி சுத்தும்போது பின்பக்கம் டிராக்க விட்டு வெளில வராது. தோப்புக்குள்ள இந்த ரெண்டும் இல்லைன்னா மினி வாங்கறதுல அர்த்தமே இல்லை. ஆன்லைன்ல அஞ்சு லட்சம் ஆறு லட்சத்துக்கு 1 டன் வண்டி படம் போட்டு விக்கறாங்களே அதுல நெறைய மாடலுக்கு பூம் ஸ்விங் கெடையாது, இரும்புத் தகடு மெல்லிசு, சீல் கிட்டு கேட்டா கப்பல்ல வரணும். பூச்செடி நட ஆகும், தென்னங்கட்டைக்கு ஆகாது.

பக்கெட் விஷயம். கூட வர்ற ரெண்டு பக்கெட்டுல ஒண்ணு 12 இஞ்ச், பைப்லைனுக்கு. இன்னொண்ணு 24 இஞ்ச், பல்லு வெச்சது, குழிக்கும் பொது வேலைக்கும். மூணாவதா மூணரை அடி அகலத்துல பல்லு இல்லாத பக்கெட் ஒண்ணு செஞ்சு வாங்குங்க, ஓடைக்கரை சரிவு தட்டறதுக்கும் வரப்பு இழுக்கறதுக்கும் அதுதான் கைகுடுக்கும். இதுக்கு கம்பெனி பக்கெட் தேவையே இல்லை, நம்ம கோயமுத்தூர் லேத்துலயே நல்லா செஞ்சு தருவாங்க. ஆனா அளவு எடுத்துட்டுப் போங்க: பின் எத்தனை எம்எம், ரெண்டு பின்னுக்கும் நடுவுல சென்டர் டு சென்டர் எவ்வளவு, ஸ்டிக் முனை எவ்வளவு அகலம். ஒரே 3 டன் வண்டிதானேன்னு இன்னொருத்தர் பக்கெட்டக் கொண்டாந்தா மாட்டாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்த அளவு வேற.

உங்க வேலைக்கு நான் மொதல்ல வாங்கச் சொல்றது பிரேக்கர் இல்லை, ரிப்பர். ஒத்தக் கொம்பு மாதிரி இருக்கும், முப்பது நாப்பதாயிரத்துல செஞ்சிரலாம், ஹைட்ராலிக் லைனும் தேவையில்லை. தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, ஆயிரக்கணக்குல சல்லிவேருதான், பெரும்பாலும் மரத்தைச் சுத்தி ரெண்டு மீட்டருக்குள்ளயே இருக்கும். ரிப்பர வெச்சு மூணு பக்கம் வேரக் கிழிச்சு விட்டுட்டு நாலாவது பக்கம் இருந்து நெம்பினா கட்டை எந்திரிச்சிரும், பக்கெட்ட வெச்சு சுத்தி நோண்டற நேரத்துல பாதிதான் ஆகும். சுக்கான் பாறையும் பாதி எடத்துல ரிப்பருக்கே பேந்துரும். அது பேராத எடத்துக்கு மட்டும் பிரேக்கர வாடகைக்கு எடுங்க.

அப்படியும் பிரேக்கர் வாங்கறதா இருந்தா 3 டன் வண்டிக்கு 53 எம்எம் உளி போதும், அதுக்கு மேல போடாதீங்க, பெருசு மாட்டினா வேகமா உடையும்னு நெனைச்சு மாட்டி ஸ்டிக் வெல்டு விட்டு வந்த வண்டிங்க எத்தனையோ. உளிய பாறைல நட்டுக்குத்தா அமுக்கி வண்டி முன்பக்கம் லேசா எந்திரிக்கற மாதிரி வெச்சுட்டுத்தான் அடிக்கணும், அந்தரத்துல அடிச்சா உள்ள போல்ட்டு போயிரும். ஒரே எடத்துல கால் நிமிசத்துக்கு மேல அடிக்காதீங்க, உடையலைன்னா ஓரத்துக்கு நவுந்து அடிங்க. உளிய வெச்சு கல்ல நெம்பவே கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கிரீஸ். பிரேக்கர் ஓடற வண்டிக்கு ஹைட்ராலிக் ஆயிலும் பில்டரும் புக்குல போட்டிருக்கற மணி நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே மாத்தணும், ஏன்னா எண்ணெய் சூடும் அதிகம், உளி பக்கம் இருந்து தூசி உள்ள போறதும் அதிகம்.

ஆகர் பத்தி, கல்லுக்கால் நட 12 இஞ்ச் பிட்டு அருமை, செம்மண்ணுல கால் ஒண்ணுக்கு ஒரு நிமிசம். ஆனா தென்னங்குழிக்கு ஆகர் வேண்டாம். களிமண் கலந்த எடத்துல ஆகர் சுத்தி எடுத்த குழியோட சுவர் பாலீஷ் போட்ட மாதிரி இறுகிரும், வேர் வெளில போக கஷ்டப்படும். பக்கெட்லயே போடுங்க. சொந்தமா ஆகர் வாங்கற அளவுக்கு வேலி இருக்கான்னும் யோசிங்க.

குயிக் கப்ளர் மாட்டலாம், பக்கெட் மாத்தறது சுலபம். ஆனா சின்ன வண்டில கப்ளரோட எடையும் நீளமும் சேந்து பக்கெட்டோட இழுவை பலம் கொறையும், அதை ஒத்துக்கிட்டு மாட்டுங்க. மாட்டின ஒவ்வொரு தடவையும் கீழ எறங்கி லாக் பின் போட்டாச்சான்னு கண்ணால பாக்கணும், அப்புறம் பக்கெட்டத் தரைல ஊனி ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். பின் போடாம பக்கெட் கழண்டு கீழ நின்ன ஆள் மேல விழறது இந்தத் தொழில்ல கேள்விப்படாத விஷயம் இல்லை.


லீவர் பாண்டி:

நான் ஆபரேட்டருங்க, ஜேசிபி மினி ரெண்டும் ஓட்டறவன். டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சா இது வந்துரும்னு நெனைக்காதீங்க, ஆனா பயப்படவும் வேண்டாம். ரெண்டு ஜாய்ஸ்டிக், நாலு வேலை, காலி எடத்துல கொஞ்ச நாள் மண்ணக் குவிச்சு கலைச்சுப் பழகினா கை வந்துரும். பழைய வண்டி வாங்கினா லீவர் பேட்டர்ன் என்னன்னு கேளுங்க, சிலதுல பூமும் ஸ்டிக்கும் கை மாறி இருக்கும், சீட்டுக்கு அடில வால்வு இருந்தா மாத்திக்கலாம்.

நின்ன மரத்தை வண்டிய வெச்சுத் தள்ளவே தள்ளாதீங்க. 3 டன் வண்டிக்கு அது வேலையே இல்லை, மரம் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது. ஆள் விட்டு மேல இருந்து துண்டு துண்டா எறக்கிட்டு கட்டைய மட்டும் எடுங்க. அந்தத் துண்டத் தூக்கும்போதும் பாத்துக்கோங்க, கைய முழுசா நீட்டி சைடு பக்கம் முன்னூறு நானூறு கிலோ தூக்கினா வண்டியே எந்திரிக்கும். முன்னாடி இருக்கற மண் தள்ளற பிளேட எறக்கி ஊனிட்டு, கிட்ட இழுத்து வெச்சு, தாழ்வா தூக்குங்க.

பழைய கெணறு இருக்கற தோட்டமா? கல் கட்டாத கெணத்தோட ஓரத்துக்கு வண்டிய கொண்டு போகாதீங்க, மேல பாத்தா கெட்டியா இருக்கும் உள்ள அரிச்சிருக்கும். சர்வீஸ் லைன் கம்பி தோப்புக்குள்ள தாழ்வா ஓடும் பாருங்க, பூம் தூக்கினா பதிமூணு பதினஞ்சு அடி போயிரும். கம்பிக்கு அடில வேலைன்னா ஈபில சொல்லி ஆப் பண்ணிட்டு செய்யுங்க. போர் மோட்டார் கேபிளும் சொட்டுநீர் சப்மெயினும் எங்க பொதச்சிருக்குன்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தியே சுண்ணாம்பு போட்டு வெச்சுருங்க, உங்க தோட்டம் உங்களுக்குத் தெரியும், ஆனா சீட்டுல உக்காந்தா ஞாபகம் வராது.

டிராக்கு ரப்பரே போடுங்க. வேர் மேல ஏறுனாலும் அமுக்கம் கம்மி, வீட்டு வாசல் சிமென்ட்டும் ஒடையாது. ஆனா சுக்கான் கல்லு மேல நின்ன எடத்துல திருப்பாதீங்க, ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்கற கம்பி வெளில வந்தா தண்ணி எறங்கி துருப்பிடிச்சு ஒரு வருசத்துல அறுந்துரும். முன்ன பின்ன போயி கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும். வாரத்துக்கு ஒருக்கா ஒரு பக்கம் தூக்கி டைட் பாருங்க, லூசா இருந்தா திரும்பும்போது கழண்டுக்கும், அதை ஆள் இல்லாத தோப்புக்குள்ள திரும்ப மாட்டறதுக்குள்ள உயிர் போயிரும்.


பட்டா சிட்டா:

பேப்பர் விஷயம் யாரும் சொல்லலை. டயர் வண்டின்னா ஆர்டிஓ ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எல்லாம் உண்டு. டிராக் வண்டிய ரோட்டுல ஓட்டவே கூடாது, பக்கத்துத் தோட்டத்துக்குப் போறதா இருந்தாலும் லாரில ஏத்தித்தான் போகணும். டாடா 407 லாரில ஏத்தினா ஓவர்லோடு, அதைவிடப் பெரிய வண்டி வேணும், அந்த வாடகையையும் கணக்குல சேத்துக்கோங்க. இன்சூரன்ஸ் கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரின்னு ஒரு பாலிசி, வாகன இன்சூரன்ஸ் கெடையாது இது, எடுத்து வெச்சுக்கோங்க.

உங்க பட்டா நெலத்துல உங்க விவசாயத்துக்கு தோண்டி அங்கயே கொட்டறதுல பிரச்சனை இல்லை. ஆனா குட்டை மண்ணுல நாலு லோடு எதுக்கு வீணாகணும்னு வெளில குடுத்தீங்கன்னா கனிமவளத் துறை பர்மிட் வேணும், இல்லாம புடிச்சா 1957 சுரங்கம், கனிமவளச் சட்டத்துல 21வது பிரிவுப்படி லாரிய மட்டும் இல்லை, தோண்டின வண்டியவும் சேத்து பறிமுதல் பண்ணலாம். 26 லட்ச வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்.

அப்புறம் ஓடைக்கரை கட்டணும்னு எழுதியிருக்கீங்க, அந்த ஓடை உங்க பட்டாவுக்குள்ளயா? முக்கால்வாசி ஓடை புறம்போக்காத்தான் இருக்கும். எஃப்எம்பி ஸ்கெட்ச, அதாவது சர்வே அளவு வரைபடத்தை, எடுத்துப் பாருங்க, உங்க எல்லைக்குள்ள கரைய பலப்படுத்தறது வேற, ஓடைக்குள்ள மண்ணத் தள்ளி அகலத்தக் கொறைக்கறது வேற. ரெண்டாவதுக்கு கீழ்த்தோட்டத்துக்காரர் ஒரு மனு போட்டா வேலை நின்னுரும். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கா ஓரம்னா அதுக்குக் கிட்டயே வண்டிய கொண்டு போகாதீங்க. இதே வண்டிய சொந்தக்காரங்க தோட்டத்துக்குன்னு ஊட்டி பக்கம் கொண்டு போற யோசனை இருந்தா நீலகிரில மண் தோண்டற வண்டிக்கு கலெக்டர் நிர்வாகத்தோட முன் அனுமதி இல்லாம எறக்கவே முடியாது, சொந்த நெலம்னாலும் அதேதான்.


ஓடக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கணக்குப்புள்ள அண்ணா கணக்க வீட்டுல காட்டினேன், சம்சாரம் அப்பவே சொன்னேனேன்னு ஒரு பார்வை 🙂 புதுசு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். குட்டைக்கு இ-வாடகைல பெரிய வண்டி பதிஞ்சு வெச்சாச்சு. ஓடை எஃப்எம்பில பாத்தா பாதி புறம்போக்குதான், சர்வேயர் வந்து அளந்த பொறவு அதைப் பாத்துக்கறேன்.

இப்ப பல்லடத்துல ஒருத்தர்கிட்ட பழைய 3 டன் வண்டி இருக்கு, மீட்டர்ல 4,200 மணி, டபுள் லைன் பைப்பிங் இருக்கு, பூம் ஸ்விங் இருக்கு, 12 கேக்கறாரு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் பாதிக்கு வர்றேங்கறாரு. ஹைட்ராலிக் பட்டறை அண்ணா, போய்ப் பாக்கறப்ப என்னென்ன பாக்கணும்?


ஹைட்ராலிக் பட்டறை:

மொதல்ல போன் பண்ணி நான் வர்றதுக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லுங்க. கை வெச்சுப் பாத்து இன்ஜின் ஜில்லுனு இருந்தாத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். ஜில்லுனு இருக்கற இன்ஜின் எடுத்ததும் புடிக்கணும், புகை சீக்கிரம் தெளியணும், ஆயில் மூடியத் தெறந்தா குபுகுபுன்னு காத்து அடிக்கக் கூடாது.

அப்புறம் ஒரு மணி நேரமாவது தோண்டச் சொல்லுங்க, அவசரப்படாதீங்க. பம்ப் போன வண்டி சூடேறாம இருக்கறப்ப நல்லாத்தான் வேலை செய்யும், எண்ணெய் சூடானதும் சோந்துரும், விக்கறவங்க பத்து நிமிசத்துல டெமோ முடிக்கறது அதுக்குத்தான். சூடான பொறவு பக்கெட் நெறைய மண்ணெடுத்து பூமைத் தூக்கி வெச்சு இன்ஜின ஆப் பண்ணுங்க, கண்ணு முன்னாடி எறங்குதுன்னா சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கு. ரெண்டு லீவரையும் ஒண்ணா தள்ளி நேரா ஓட்டுங்க, ஒரு பக்கம் இழுத்தா டிராவல் மோட்டார் வீக், இந்த வண்டில பெரிய செலவுன்னா அதுவும் பம்பும்தான்.

பக்கெட்டத் தரைல ஊனி வண்டிய லேசாத் தூக்கி எறக்குங்க, மேல் பாடிக்கும் கீழ் பாடிக்கும் நடுவுல டக்டக்குனு ஆட்டம் இருந்தா சுத்தற பேரிங் தேஞ்சிருக்கு. பின் புஷ் ஆட்டம் எல்லா பழைய வண்டிலயும் கொஞ்சம் இருக்கும், அது விலை பேச மட்டும். ஆனா பூம்லயும் ஸ்டிக்லயும் புது பெயின்ட் அடிச்ச எடத்த மட்டும் நல்லா தடவிப் பாருங்க, உள்ள பழைய வெல்டு இருந்தா அது பிரேக்கர்லயே ஓடின வண்டி. சிலிண்டர் ராடு மேல நகத்த வெச்சு ஓட்டுங்க, நகம் மாட்டுற கீறல் இருந்தா சீல் நிக்காது. ஹைட்ராலிக் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. முடிஞ்சா ரிட்டர்ன் பில்டரக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, உள்ள மஞ்சளா பித்தளைத் தூள் மினுக்குனா கெளம்பி வந்துருங்க, அது பம்போட உள்பக்கம் தேயறது.

4,200 மணிங்கறதை நம்பாதீங்க, நம்பாம இருக்கவும் வேண்டாம், பெடல் ரப்பர், சீட்டு, ஜாய்ஸ்டிக் பிடி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்தா மீட்டர் சொல்றது உண்மையான்னு தெரிஞ்சிரும். ரப்பர் டிராக்கு உள்பக்கம் அகலம், பிட்ச் (லிங்க் இடைவெளி), லிங்க் எண்ணிக்கைன்னு மூணு நம்பர் போட்டிருக்கும், அதை போட்டோ எடுத்துட்டு வாங்க, புதுசு ஜோடி என்ன விலைன்னு விசாரிச்சு அந்தக் காசை 12ல கழிச்சுப் பேசலாம்.


பட்டா சிட்டா:

ஒரிஜினல் இன்வாய்ஸ்ல இருக்கற சீரியல் நம்பரும் வண்டி பிளேட்டுல இருக்கறதும் ஒண்ணான்னு பாத்துட்டு, லோன் பாக்கி இல்லைங்கற பைனான்ஸ் என்ஓசி கைல வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. டிராக் வண்டிக்கு ஆர்சி புக்கு இல்லாததால லோன் பாக்கி இருக்கறது வெளில தெரியாது, பணம் குடுத்து ஆறு மாசம் கழிச்சு பைனான்ஸ்காரன் வந்து தோட்டத்துல இருந்து தூக்கிட்டுப் போவான்.


ஓடக்காட்டான்:

சரிங்க. ஞாயித்துக்கிழமை போறோம், பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் வர்றாரு. என்ஓசி இருக்கான்னு இன்னிக்கே கேட்டேன், எடுத்து வெக்கறேன்னு சொல்லியிருக்காரு. டிராக்கு நம்பர் போட்டோ இங்கயே போடறேன்.


லீவர் பாண்டி:

வண்டி நின்ன எடத்துக்கு அடில மண்ணுல எண்ணெய்க் கறை இருக்கான்னும் பாத்துக்கோங்க, கழுவி நிறுத்தியிருந்தாலும் மண்ணு காட்டிக் குடுத்துரும். வாங்கிட்டா ஒயரிங்க எலி கடிக்காம இருக்க எதாச்சும் பண்ணுங்க, தோப்புல நிக்கற வண்டிக்கு மொத ரிப்பேர் அதுதான் வரும்.